அம்மாவின் பெயரில் ஒரு மணி நேரம்

நின்றுகொண்டிருக்கும் காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர்களை இந்த மலாய் நாட்டுக்கு வந்த புதிதில் பார்த்தபோது எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டிடத்துக்குக் கீழே கார் நிறுத்தும் தளம் இருக்கிறது. வேலை முடிந்து வரும் ஆண்களில் பலர் காரை நிறுத்திவிட்டு இறங்குவதில்லை. ஒரு சீன அங்கிள் கண்ணை மூடி ரேடியோ கேட்பார். ஒரு மலாய்க்காரர் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு போனைப் பார்ப்பார். லிஃப்டில் ஏறினால் வீடு வந்துவிடும், ஆனாலும் ஏற மாட்டார்கள். எங்கள் கோவில்பட்டியில் ஒருவன் தெருவில் காரை நிறுத்திவிட்டு இப்படி உள்ளேயே உட்கார்ந்திருந்தால் என்ன நடக்கும்? நாலு பேர் கண்ணாடியைத் தட்டி, "என்ன தம்பி, நெஞ்சு கிஞ்சு வலிக்கா?" என்று கேட்பார்கள். ஒருவர் சோடா வாங்க ஓடியே போயிருப்பார். இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. அதை ஒரு வசதி என்று நினைத்துத்தான் நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தேன். ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களும், என்னைப் போல இங்கே வந்து உட்கார்ந்திருப்பவர்களும் சிரித்தாலும் சரி, திட்டினாலும் சரி, சொல்லிவிடுகிறேன். அந்த வசதியில்தான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

என்னைக் கேட்டவர் ஒரே ஒருவர்தான். எங்கள் கட்டிடத்துக் காவலாளி, நேபாளத்துக்காரர். ஒரு சனிக்கிழமை காலை கண்ணாடியை மெல்லத் தட்டி, "பாஸ், கார் ரோசாக்?" என்றார். ரோசாக் என்றால் மலாயில் கெட்டுப்போனது. அப்போது எனக்குக் கண் சிவந்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. காருக்கு ஒன்றுமில்லை, போனில் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல என் மலாய் போதவில்லை. போனைத் தூக்கிக் காட்டிச் சிரித்தேன். அவர் போன்தான் கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டார். ஒரு போனுக்காக இந்த ஆள் இப்படி அழுகிறானே என்று பரிதாபப்பட்டிருக்க வேண்டும். அடுத்த வாரம் என்னைப் பார்த்ததும் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் பழுது பார்க்கும் கடை எங்கே இருக்கிறது என்று கையை நீட்டி நீட்டி வழி சொன்னார். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். வேறென்ன செய்வது?

அன்று நான் பேசிக்கொண்டிருந்தது பக்கத்து ஊரான கிள்ளானில் இருக்கும் ஒரு மனநல ஆலோசகரிடம். நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு வங்கியின் கணினிகள் படுத்துக்கொண்டால் தட்டி எழுப்பி உட்கார வைப்பது எங்கள் குழுவின் பொறுப்பு. வேலை போனால் விசாவும் போகும் என்பது இங்கே வந்திருக்கும் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். போன வருடம் எங்கள் பிரிவில் ஆட்களைக் குறைக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கூட்டத்தில் பேச எழுந்த பதற்றத்தில், குடித்துக்கொண்டிருந்த தே தாரே டீயை மடிக்கணினி மேலேயே கொட்டினேன். மனிதவளப் பிரிவில் இருந்த மலாய்ப் பெண் என்னைத் தனியே கூப்பிட்டு, கம்பெனி ஊழியர்களுக்காக இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது, உரிமம் பெற்ற ஆலோசகர்கள், ஆன்லைனிலேயே பேசலாம், தமிழிலும் ஆள் உண்டு, யாருக்கும் தெரியாது என்றாள். அந்த 'யாருக்கும் தெரியாது' தான் எனக்குப் பிடித்துப்போனது.

ஆலோசகரின் பெயர் தேவிகா. என்னைவிட வயதில் இளையவர். முதல் நாள் தன் உரிமச் சான்றிதழைத் திரையில் காட்டிவிட்டு, "நீங்க சொல்றது எங்கிட்டயே இருக்கும். உங்க உயிருக்கோ மத்தவங்க உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும்தான் வெளிய சொல்வேன், ஓக்கே?" என்றார். பிறகு, "இப்ப தனியாத்தான் இருக்கீங்களா?"

"கார்ல இருக்கேன் மேடம்."

"கார் ஓடுதா, நிக்குதா? ஓட்டிக்கிட்டே பேசுறதா இருந்தா நான் செஷன் எடுக்க மாட்டேன்."

"நிக்குது மேடம்."

"குட். மேடம் எல்லாம் வேணாம் லா. தேவிகான்னே கூப்பிடுங்க. சரி, எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கோம்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "கார்ல எத்தனை பேர் இருக்கீங்க?"

இங்கே எல்லார் பேச்சின் வாலிலும் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா' எனக்குப் பழகியிருந்தது. ஆனால் படித்த ஒரு பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் 'மிஸ்' என்பதில் வந்து நின்றோம். முதல் சில வாரங்கள் நான் வேலையைப் பற்றி மட்டுமே பேசினேன். அவர் வீட்டு வாசலில் ரொட்டி விற்கும் மோட்டார் சைக்கிள்காரர் பாம் பாம் என்று ஹார்ன் அடித்துக்கொண்டு போவார். "சாரி, ரொட்டிக்காரர்" என்று சொல்லிவிட்டு அந்தச் சத்தம் ஓயும்வரை காத்திருப்பார். அப்படிக் காத்திருந்த ஒரு சமயத்தில்தான், "இந்தப் பயத்தையெல்லாம் வீட்ல யார்கிட்ட சொல்லுவீங்க?" என்று கேட்டார். யாரிடமும் சொல்வதில்லை என்றேன். ஏன் என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. வெட்கக்கேடு. அப்பா செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

அதற்குப் பிறகு வேலையைப் பற்றிய பேச்சு குறைந்து என் மனைவி ரேவதியைப் பற்றிய பேச்சு கூடியது. ரேவதி மதுரையில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அவள் வகுப்பு என்றால் பையன்கள் கடைசி பெஞ்சிலிருந்து முன்னால் வந்து உட்காருவார்கள் என்று அவளுடைய தலைமையாசிரியரே எங்கள் கல்யாணத்தில் சொன்னார். என்னோடு வருவதற்காக அந்த வேலையை விட்டாள். குடும்ப விசாவில் வந்தவள் என்பதால் இங்கே வேலை பார்க்க முடியவில்லை. காலையில் மகள் நிலா பள்ளிக்கும் நான் அலுவலகத்துக்கும் போனபிறகு அவளுக்கு இருப்பது நான்கு சுவர்களும் பக்கத்து வீட்டு ஆன்டியும்தான். நான் வீட்டுக்கு வந்தால் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை, அதற்கு மேல் கிடையாது. ஒருநாள் அவள் சத்தம்கூடப் போடாமல், "பேச்சே இல்லாத வீட்ல இருக்கறதுக்கு நான் மதுரையிலயே இருந்துட்டுப் போறேன். வருஷக் கடைசியில லீவு விட்டதும் நிலாவக் கூட்டிக்கிட்டுக் கிளம்புறேன்" என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மடிக்கணினியைத் திறந்தேன். இதை தேவிகாவிடம் சொன்னேன். ரேவதி போய்விட்டால் நான் ஒன்றுமில்லாமல் போவேன் என்பதையும் சொன்னேன். கொட்டித் தீர்த்துவிட்டு லிஃப்டில் ஏறி வீட்டுக்கு வந்தால் அங்கே அவள் இருப்பாள், என் வாயில் சொல்ல ஒன்றும் மிச்சம் இருக்காது. கட்டியவளுக்குச் சேர வேண்டியதையெல்லாம் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு வருகிறோமே என்று நெஞ்சு குறுகுறுக்கும்.

சரி, ரேவதியிடமே இதைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் சனிக்கிழமையே ஒரு பொய் விழுந்துவிட்டது. நான் கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "லீவு நாள்ல எங்க?" என்று அவள் கேட்டாள். மனநல ஆலோசகர் என்றால் எங்கள் பக்கம் பைத்தியக்கார டாக்டர் என்றுதான் பொருள். மதுரையில் இருக்கும் அவள் அண்ணன் காதுக்குப் போனால், 'மாப்பிள்ளைக்கு என்னவாம்?' என்று ஆரம்பித்துவிடுவார். அந்த நொடியில் வாயில் வந்ததைச் சொன்னேன். "அம்மாகிட்ட பேசிட்டு வரேன். வீட்ல சிக்னல் சரியா கிடைக்கல."

உலகத்தில் இதைவிடப் பாதுகாப்பான பொய் கிடையாது என்று அப்போது நினைத்தேன். ஒரு தமிழ் ஆண் தனியே காரில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுகிறான் என்றால், அம்மாவிடம் பேசுகிறான் என்பதை யார் சந்தேகப்படுவார்கள்? ரேவதி சந்தேகப்படவில்லைதான். ஆனால் அவள் நிலையில் நின்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் வாயைத் திறக்காத புருஷன், வாரா வாரம் மாமியாரிடம் மட்டும் ஒரு மணி நேரம் பேசுகிறான். அதையும் தன் முன்னால் பேசாமல், கீழே போய்க் கார் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறான். திரும்பி வரும்போது முகம் வீங்கி வருகிறான். தன்னைப் பற்றிப் புகார் வாசிக்கிறான் என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பாள்? இது எனக்கு உறைக்கவே இல்லை. பக்கத்து வீட்டு ஆன்டி, அந்தக் காலத்தில் இங்கே ரயில்வே வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர், ஒருநாள் லிஃப்டில் என்னைப் பார்த்து, "ரேவதி சொன்னிச்சு தம்பி, நீங்க வாரா வாரம் அம்மாகிட்ட ஒன் அவர் பேசுறீங்களாமே. குட் பாய் லா. இந்தக் காலத்துல யார் அப்படி இருக்கா?" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். ரேவதி அதை எந்தக் குரலில் சொல்லியிருப்பாள் என்று யோசிக்காமல், நானும் வெட்கமில்லாமல் சிரித்துவைத்தேன்.

உண்மையில் அம்மாவிடம் நான் மனம்விட்டுப் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பு ஒன்று உண்டு. நாங்கள் மூவரும் சோபாவில் நெருக்கி உட்கார்ந்து சிரிப்போம், நிலா ஒரு பாட்டுப் பாடுவாள், சாப்பிட்டீங்களா, மழை உண்டா, சரிம்மா வைக்கட்டுமா, அவ்வளவுதான். போட்டோவுக்கு நிற்பது மாதிரிதான். அம்மா சத்துணவுக்கூடத்தில் அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அப்பா போனபிறகு தனியாகத்தான் இருக்கிறாள். எங்கள் வீட்டில் பிரச்சினை என்று வந்தால் அந்தக் காலத்தில் ஒளிப்பதற்கு வழியே இருந்ததில்லை. அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டால் எதிர்வீட்டு செல்வராணி அக்கா கையில் கரண்டியோடு வந்து நிற்பார். பால்காரர் அப்பா பக்கம் பேசுவார், டெய்லர் அம்மா பக்கம் பேசுவார். தெரு முழுக்க ஆலோசகர்கள்தான், உரிமம்தான் கிடையாது. அதிலிருந்து தப்பித்தால் போதும் என்றுதான் நான் ஓடிவந்தேன். இங்கே கதவைச் சாத்தினால் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. ரேவதி அழுதால்கூட எனக்கே தெரிவதில்லை.

தேவிகா ஒவ்வொரு வாரமும் வீட்டுப்பாடம் கொடுப்பார். மனைவி பேசும்போது குறுக்கே பேசக்கூடாது, பேசி முடித்ததும் நமக்குப் புரிந்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டும், சரிதானா என்று கேட்க வேண்டும். நானும் ஒரு சனிக்கிழமை மதியம் முயற்சி செய்தேன். ரேவதி ஏதோ குறைபட்டுக்கொண்டிருந்தாள். முடியும்வரை பொறுத்திருந்து, "அதாவது, நான் வீட்ல இருந்தும் இல்லாத மாதிரி உனக்குத் தோணுது. நான் சரியா புரிஞ்சிக்கிட்டேனா?" என்றேன்.

ரேவதி பேயைப் பார்த்த மாதிரி என்னைப் பார்த்தாள். "இது உங்க பேச்சே இல்லையே. யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. நானாத்தான்..."

"அத்தை எந்த டிவி நிகழ்ச்சி பாத்து இதெல்லாம் சொல்லிக் குடுக்கறாங்க? என் மனசுல இருக்கறத என்கிட்டயே கேக்கறதுக்கு, கோவில்பட்டியில போய் டியூஷன் எடுத்துக்கிட்டு வரீங்களா?"

சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். எனக்கு வரவில்லை. நான் எடுத்துவைத்த நல்ல அடி ஒவ்வொன்றும் மாமியாரின் சூழ்ச்சியாக அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. "உனக்கு இங்க வேலை இல்லாம இருக்கறது கஷ்டமா இருக்கும்ல" என்று முன்பு ஒருநாள் நான் கேட்டதற்கு அவள் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள் என்பது அப்போதுதான் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் அவள் அம்மாவுக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வதும், தலைவலி என்று எழுந்து போவதும் ஏன் என்றும் புரிந்தது. எதுவும் தெரியாத அந்த அம்மா, "ரேவதிக்கு உடம்புக்கு என்னய்யா? பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வைப்பாள்.

அடுத்த ஞாயிறு ரேவதி எழுந்து போகவில்லை. நிலா பாடி முடித்ததும் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அத்தை, வாரா வாரம் உங்க பிள்ளை ஒரு மணி நேரம் உங்ககிட்ட பேசுறாரே, என்னைப் பத்தி அப்படி என்னதான் சொல்றாரு? எனக்கும் சொல்லுங்களேன், தெரிஞ்சுக்கறேன்."

திரையில் அம்மாவின் முகம் கொஞ்ச நேரம் அசையவில்லை. நெட்வொர்க் நின்றுவிட்டதோ, நின்றுவிடக் கூடாதா என்றுகூட நினைத்தேன். நிற்கவில்லை. அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "ஆமாம்மா, பேசுவான். உன்னையப் பத்தி என்ன சொல்லுவான்? நல்லாப் பாத்துக்கிடுதா, அவ இல்லாட்டி நான் இல்லைம்மான்னுதான் சொல்லுவான்" என்றாள்.

என்ன நடக்கிறது என்று ஒரு துளியும் தெரியாமல், மகன் எதிலோ மாட்டிக்கொண்டிருக்கிறான் என்பதை மட்டும் கண்டுபிடித்து, எனக்காகப் பொய் சொன்னாள். நான் எந்தக் காலத்திலும் அவளிடம் சொல்லாத ஒன்றை நான் சொன்னதாகச் சொன்னாள். ரேவதி நம்பினாளா என்று தெரியவில்லை. போனை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அந்த நிமிடம் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பேன்.

மறுநாள் நான் அலுவலகத்தில் இருக்கும்போது அம்மா கூப்பிட்டாள். அவளாக என்னைக் கூப்பிடுவதே இல்லை, என் வேலை கெட்டுவிடும் என்று. "ஏய்யா குமாரு, என் பேரச் சொல்லிட்டு நீ யார்கூடப் பேசுத?" என்றாள். நான் எழுந்து அலுவலக வாசலுக்கு நடந்தேன். "பொம்பளையா?"

"பொம்பளைதாம்மா. ஆனா நீ நினைக்கிற மாதிரி இல்ல."

எல்லாப் பயல்களும் சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அந்தப் புள்ள வேலைய விட்டுட்டு உன்கூட வந்தவய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை இதையெல்லாம் தேவிகாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் திட்டவில்லை. "இந்தப் பொய்யால யாருக்கு ரொம்ப வலிச்சிருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். கொஞ்சம்கூட யோசிக்காமல், "எனக்குத்தான் மிஸ்" என்றேன். அன்று ஹார்ன் அடித்து என்னைக் காப்பாற்ற ரொட்டிக்காரர்கூட வரவில்லை. நான் சொன்னது என் காதிலேயே திரும்பி விழுந்தபோது அவமானமாக இருந்தது. மாமியார் தன்னை மென்று துப்புகிறாள் என்று நம்பி மாதக்கணக்கில் வெந்தவள் ஒருத்தி. மருமகள் ஏன் முகம் கொடுக்கவில்லை என்று தெரியாமல் தவித்து, இப்போது மகன் கெட்டுவிட்டான் என்று அழுபவள் இன்னொருத்தி. நடுவில் ஏசி காரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, எனக்குத்தான் வலி என்கிறேன்.

நான் அழ ஆரம்பித்தேன். அப்போதுதான் பக்கத்து சீட்டின் கதவு திறந்தது. ரேவதி. நைட்டிக்கு மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, செருப்பைக்கூட மாற்றி மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். "போனக் குடுங்க. இன்னைக்கு அத்தைகிட்ட நானே பேசி முடிச்சிடறேன்" என்று கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. டாஷ்போர்டில் சாய்த்து வைத்திருந்த போனில் தெரிந்தது அத்தை இல்லை. காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு இளம்பெண்.

"யாரு நீங்க?"

தேவிகா நிதானமாகத்தான் இருந்தார். "சாரி மா. நான் யாருன்னு நான் சொல்ல முடியாது. அத அவர்தான் சொல்லணும்."

அது அவர்களுடைய தொழில் விதி. தங்களிடம் பேச வருபவரின் அனுமதி இல்லாமல், நான் இவருடைய ஆலோசகர் என்றுகூடச் சொல்லக் கூடாது. என்னைக் காப்பாற்ற வேண்டிய விதி அந்த நேரத்தில் என் குடியைக் கெடுக்கப் பார்த்தது. ஒரு பெண், கண் கலங்கி நிற்கும் இன்னொரு பெண்ணின் புருஷனைக் காட்டி, நான் யார் என்று அவரே சொல்லட்டும் என்றால் அது எப்படிக் கேட்கும்? ரேவதியின் முகத்தில் ரத்தமே இல்லை. கதவைத் திறக்கக் கை கைப்பிடிக்குப் போனது. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் முடியாது என்று தெரிந்தது. "இவங்க கவுன்சிலர் ரேவதி. மனசு சரியில்லாம, பயந்துபோய், பல மாசமா இவங்ககிட்ட பேசிட்டிருக்கேன். அம்மாகிட்ட ஒருநாள்கூடப் பேசல. உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றேன். ஒரே மூச்சில்.

தேவிகா சொன்னார்: "வணக்கம் ரேவதி. இது குமாரோட நேரம். அவருக்குச் சரின்னா நீங்க இருக்கலாம். இல்லன்னா இதோட நிறுத்திக்கலாம்." நிறுத்திக்கொள்ளலாம் மிஸ் என்றேன். திரை இருண்டது. ரேவதி கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பொண்ணுகிட்ட அழுவீங்களா?"

"அழுவேன்."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து எங்கிட்ட ஒரு தடவை அழுதிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு அவளே அழ ஆரம்பித்தாள். "வேற பொம்பளைன்னாகூட ரெண்டு அறை விட்டுட்டுப் போயிருப்பேன். இதுக்கு நான் என்ன பண்றது, சொல்லுங்க?" கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அத்தைய மனசுக்குள்ள எப்படியெல்லாம் திட்டியிருக்கேன் தெரியுமா? நாசமாப் போகன்னுகூட நினைச்சிருக்கேன். பாவி, அந்தப் பாவத்தையும் என் தலையில கட்டிட்டீங்க" என்றாள். நான் அவளைத் தொடக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தேன். அவளே என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், கோபமாகத்தான். "வருஷக் கடைசிக்கு இப்ப டிக்கெட் பாக்க வேணாம். ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். இனிமே அம்மாகிட்ட பேசப் போறேன்னு சொன்னா, அம்மாகிட்டதான் பேசணும். ஒரு மணி நேரம்னா ஒரு மணி நேரம். இப்பவே போடுங்க போன."

போட்டேன். நீண்ட நேரம் அடித்தபிறகு எடுத்தாள். ரேவதி பக்கத்தில் இருக்கிறாள் என்பதை முதலிலேயே சொன்னேன். பிறகு, நான் பேசியது ஒரு கவுன்சிலரிடம் என்றேன்.

"கவுன்சிலரா? அவங்ககிட்ட உனக்கு என்னய்யா சோலி? வீட்டுக்குத் தண்ணி வரலையா?"

அழுதுகொண்டிருந்த ரேவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் கவுன்சிலர் என்றால் வார்டுக்கு ஒருவர், குழாய்க்கும் சாக்கடைக்கும் போய் நிற்கும் ஆள்தானே. இவர் அப்படி இல்லை, மனக்கஷ்டத்தைக் கேட்டு வழி சொல்லப் படித்தவர் என்று விளக்கினேன். அம்மாவுக்கு அதெல்லாம் அவசியமாகப் படவில்லை. "வேற பொம்பளை இல்லையே?" என்று மட்டும் கேட்டாள். இல்லவே இல்லை அத்தை என்று ரேவதிதான் சொன்னாள். "அப்பாடா" என்றாள் அம்மா. அந்த அப்பாடாவில் ஒரு வாரம் தூங்காதது தெரிந்தது. மன்னிச்சிரும்மா என்றேன். அம்மா குரல் மாறி, "ஏய்யா, ஒரு தப்பு பண்ணிட்டேனே" என்றாள்.

"நீ என்னம்மா பண்ணுன?"

"ரேவதி அன்னைக்கு அப்படிக் கேட்டாள்ல? மறுநாள் செல்வராணிகிட்ட நான் சொல்லிட்டேன். எம் மவன் வாரா வாரம் ஒரு மணி நேரம் எங்கிட்டப் பேசுதான்னு. பொய்யின்னு எனக்குத் தெரியும்யா. உம்மேல பயமும் இருந்துச்சு. ஆனாலும் சொல்லும்போது நல்லாருந்துச்சு."

அதைக் கேட்டபிறகு நான் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. ரேவதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போதும் சனிக்கிழமைகளில் தேவிகாவிடம் பேசுகிறேன். எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கீழே இறங்குகிறேன். திரும்பி வந்ததும் ரேவதி, "இன்னைக்கு என்ன பாடம்?" என்று கேட்பாள். சில நாள் சொல்வேன். சில நாள் வாய் வராமல் நிற்பேன், அவளுக்கு முகம் சுருங்கும். ஆனால் முன்பு மாதிரி மடிக்கணினியைத் திறப்பதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து பார்க்க வேறொரு ஆலோசகரை தேவிகா சொல்லியிருக்கிறார். யோசிக்கலாம் என்கிறாள் ரேவதி.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவுடையது. பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கூப்பிடுகிறேன். சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டும், ஒரு மணி நேரம். ஆனால் சாப்பாடு, மழை, நிலாவின் பரீட்சை எல்லாம் முடிந்தபிறகு எனக்கும் அவளுக்கும் பேச ஒன்றும் இருப்பதில்லை. இத்தனை வருடம் பேசாமல் இருந்துவிட்டு, திடீரென்று எதைப் பேசுவது? தேவிகாவிடம் கொட்டுவதை இவளிடம் கொட்ட முடியாது, தாங்க மாட்டாள். அவளும் முழங்கால் வலியை என்னிடம் சொல்வதில்லை, நான் தாங்க மாட்டேன் என்று. போனை மட்டும் வைக்காமல் உட்கார்ந்திருக்கிறோம். இந்தப் பக்கம் எனக்குக் கீழே மோனோரயில் வளைந்து போகிறது, பூக்கடைக்காரர் யாரையோ அதட்டுகிறார். போனில் கோவில்பட்டி பஸ் ஒன்று விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டு எங்கள் தெருமுனையைக் கடக்கிறது, அம்மா மூச்சு விடுவது கேட்கிறது. நான் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்டால் அந்த நேரத்தில் சட்டென்று சொல்ல வராது.

போன ஞாயிறு அப்படித்தான் நெடுநேரம் சும்மா இருந்தோம். அம்மாவுக்கும் அலுப்பாக இருக்கும் என்று நினைத்து, "சரிம்மா, வைக்கட்டுமா?" என்றேன். அந்தப் பக்கம் ஏதோ நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அம்மா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து, குரலைத் தாழ்த்தி, "வச்சிராதய்யா. செல்வராணி இன்னும் போகல" என்றாள்.